எந்தப் பத்தியில் எழுதுவது?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. படியேற அவசரப்படாதே.

“இருபது வருஷமாகப் புற்றுநோய் ஆராய்ச்சி என்கிறாயே, ஒரு நோயாளியையாவது பார்த்திருக்கிறாயா?” என்று கேட்டிருந்தாய். இல்லைதான். நான் புள்ளியியல்காரன், எனக்கு அவர்கள் வரிசை எண்கள். எந்தத் தேதியில் ஆய்வில் சேர்ந்தார், கடைசியாக எப்போது உயிரோடு இருந்தார், அவ்வளவுதான் தெரியும். பாதியில் வராமல் போனவரை என்ன செய்வது என்பதுதான் எங்களுக்குத் தலைவலி. இறந்தவராகவும் எண்ணக்கூடாது, பட்டியலிலிருந்து தூக்கவும் கூடாது. கடைசியாக வந்த நாள் வரை கணக்கில் வைத்திருக்க வேண்டும். 1958இல் கப்லான், மையர் என்ற இரு புள்ளியியல் ஆய்வாளர்கள் காட்டிய வழி இது. இருவரும் தனித்தனியே எழுதி அனுப்பியிருந்தார்கள். ஒரே கட்டுரையாக்கித் தரச் சொன்னது ஆய்விதழ்க்காரர்கள். பரீட்சையில் நாம் ஒரே விடையை எழுதி மாட்டிக்கொண்டபோது நமக்கு அப்படி யாரும் சொல்லவில்லை!

அப்புறம், உன்னிடம் சொல்லாத ஒரு கதை. சில வருஷங்களுக்கு முன் ஒரு மருத்துவர் உற்சாகமாக வந்தார். இரண்டாம் கட்டச் சிகிச்சை பெற்றவர்கள் மற்றவர்களைவிட நெடுநாள் வாழ்கிறார்கள் என்று நாளாக ஆக எத்தனை பேர் உயிரோடிருக்கிறார்கள் என்று சொல்லும் இரண்டு வளைகோடுகளைக் காட்டினார். அவை அவ்வளவு அழகாகப் பிரிந்திருந்ததுதான் எனக்கு உறுத்தியது. அந்தச் சிகிச்சை ஆறாம் மாதத்தில்தான் தொடங்கும். அதைப் பெறவே ஆறு மாதம் உயிரோடு இருந்தாக வேண்டுமே! அதற்குள் இறந்தவர்கள் எல்லாரும் சிகிச்சை பெறாதவர் கணக்கில் விழுந்திருந்தார்கள். ஆறாம் மாதம் உயிரோடிருந்தவர்களை மட்டும் எடுத்து, அன்றிலிருந்து நாட்களை எண்ணினேன். இடைவெளி கரைந்துவிட்டது. மனிதர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவர் எழுதவிருந்த கட்டுரையும் வெளிவரவில்லை.

போன மாதம் பதவி உயர்வுக்கான நேர்காணல். முதல் பெயராக எத்தனை கட்டுரை என்று கேட்டார்கள். பதினைந்து பேர் வரிசையில் என் பெயர் எப்போதும் ஏழாவதோ எட்டாவதோதான். வராமல் போன அந்தக் கட்டுரையை விண்ணப்பத்தின் எந்தப் பத்தியில் எழுதுவது, சொல்? எனக்கு அதுதான் நான் செய்த நல்ல வேலை. முடிவு இன்னும் வரவில்லை. பெரிதாக எதிர்பார்க்கவும் இல்லை.

அதே மருத்துவர் இப்போது ஆய்வு தொடங்கும் முன்பே வந்துவிடுகிறார், எத்தனை நோயாளிகள் வேண்டும் என்று கேட்க. நேற்றும் வந்தார். நான் சொன்ன எண்ணிக்கையைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

நடக்க ஆரம்பித்ததும் எழுது.

உன்
பழைய பெஞ்சுத் தோழன்