சீயோன் ஆலயமும் தோட்டத்துப் பெயர்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தின் பழைமையைப் பற்றி எழுதுவோர் அங்குள்ள சீயோன் லுத்தரன் ஆலயத்தை, 1924இல் கட்டப்பட்டது என்ற ஒரே வரியில் முடித்துவிடுகின்றனர். அந்தச் சபையில் கூடிய மக்களைப் பற்றி எவரும் எழுதக் காணோம்.

1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைச் சிதைத்தபின், நகரை மீண்டும் எழுப்பச் செங்கல் அறுத்த நிலம் பிரிக்பீல்ட்ஸ். 1886இல் கிள்ளான் இரயில் பாதை திறக்கப்பட்டது. பின்னர் இரயில்வேப் பணிமனைகளும், 1905இல் 'நூறு குவார்ட்டர்ஸ்' என்ற வரிசை வீடுகளும் வர, தமிழர் அங்கே பெருகினர். 1706இல் ஜெர்மானிய லுத்தரன் போதகர் சீகன்பால்கு தமிழகத்தின் தரங்கம்பாடியில் தொடங்கிய திருப்பணியின் வழிவந்த லுத்தரன் தமிழரும் பிழைப்புத் தேடி மலாயாவுக்கு வந்தார்கள். இரயில்வேயில் சிலரும் தோட்டங்களில் சிலருமாகச் சிதறியிருந்த அவர்களுக்கு அந்த ஆலயம் பொதுவான இடமாயிற்று. ஆகவே அதன் சுற்றுப்புறம் என்பது அந்தத் தெருவோடு நிற்பதன்று. எங்கள் பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) போன்ற ஊர்களைச் சூழ்ந்திருந்த இரப்பர்த் தோட்டங்களும் அதில் அடங்கும் என்பதே என் கருத்து.

அந்தச் சுற்றுப்புறம் இரு முனையிலும் மாறிவிட்டது. 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலை, அதாவது பெருந்தோட்டங்களைச் சிறு துண்டுகளாக்கி விற்பதைத் தடுக்க, அந்நாள் அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். ஆயினும் பல தோட்டங்கள் கைமாறின. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பின்னர் அதுவும் போய் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. நகரத்திலோ, இரயில்வே நிலத்தில் 2001இல் கே.எல். சென்ட்ரல் இரயில் நிலையம் திறக்கப்பட்டது, குவார்ட்டர்ஸ் வீடுகள் பல இடிக்கப்பட்டன. 2010இல் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வருகையின்போது பிரிக்பீல்ட்ஸில் 'லிட்டில் இந்தியா' திறப்பு விழாக் கண்டது. வளைவுகளும் வண்ண விளக்குகளும் அழகுதான். அங்கே குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதை அவை சொல்வதில்லை.

ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை உரியவர்களின் பெயரோடும் ஊரோடும் எழுதிவைப்பது திருச்சபைகளின் நெடுநாள் வழக்கம். இன்று வரைபடத்தில் இல்லாத தோட்டங்களின் பெயர்கள் அத்தகைய ஏடுகளில் எஞ்சியிருக்கக்கூடும். கட்டடத்திற்கு வண்ணம் பூசுவதைவிட அவற்றைப் படியெடுத்துக் காப்பதே அவசரமான பணி. சீயோன் மட்டுமன்றி, நகரத்தின் பழைய தமிழ்ச் சபைகள் அனைத்தும் இதைச் செய்ய வேண்டும். குடும்பத்தாரின் அந்தரங்கம் கெடாதவாறு, தோட்டப் பெயர்களையும் ஆண்டுகளையும் மட்டுமேனும் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடலாம். பழைய கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். சபையார் அழைத்தால் அவர்களின் உதவியைக் கேட்டுப் பெறலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பத்தாங் பெர்ஜுந்தை, சிலாங்கூர்