பாலுக்கு முன் பிண்ணாக்கைச் சோதியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பாலில் நச்சு என்றதும் பேச்சு கலப்படத்தின் பக்கம் போய்விடுகிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019 அக்டோபரில் வெளியிட்ட தேசியப் பால் ஆய்வு வேறொன்றைக் காட்டியது. நாடு முழுவதும் எடுத்த 6,432 மாதிரிகளில், குடிக்கத் தகாத அளவுக்குக் கலப்படம் இருந்தது 12-ல் மட்டுமே. அஃப்ளடாக்சின் எம்-1 என்ற பூசண நச்சு வரம்பைத் தாண்டியதோ 368-ல். தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88 அப்படி. எண்ணிக்கையில் மாநிலங்களில் நாம்தான் முதலிடம். இந்த நச்சை யாரும் பாலில் ஊற்றுவதில்லை. மாடு தின்ற தீவனத்தில் இருந்த அஃப்ளடாக்சின் பி-1 என்ற பூசண நச்சு, ஈரலில் எம்-1 ஆக மாறி மடிக்கு வருகிறது. காய்ச்சினாலும் போகாது.

கணக்கு எளிது. தின்ற பி-1 நச்சில் பொதுவாக 1 முதல் 2 சதவீதம் பாலில் இறங்கும். நிறையக் கறக்கும் மாடுகளில் 6 சதவீதம் வரைகூடப் போகும். கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் நச்சுள்ள கடலைப் பிண்ணாக்கை நாளுக்கு 2 கிலோ தின்றால் உள்ளே போவது 400 மைக்ரோகிராம். அதில் ஒன்றரை சதவீதம் என்றால் 6. பத்து லிட்டர் கறக்கும் மாட்டில் லிட்டருக்கு 0.6 ஆகிறது, பாலுக்கான வரம்பு 0.5. கலப்புத் தீவனத்துக்கான ஐ.எஸ். 2052 என்ற இந்தியத் தர அளவு கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் பி-1 இருக்கக் கூடாது என்கிறது. கடையில் உடைத்து எடைபோட்டுத் தரும் பிண்ணாக்கோடு நச்சு அளவைச் சொல்லும் எந்தச் சீட்டும் வருவதில்லை. ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

கடலையில் நச்சு ஏறுவது பெரும்பாலும் ஆலைக்கு வருமுன்பே. காய் முற்றும் மூன்று, நான்கு வாரம் மழை பொய்த்து மண் சூடேறினால், இந்த நச்சை உண்டாக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் பூசணம் மண்ணுக்குள்ளேயே காய்க்குள் நுழைகிறது. விதைத்த 40-45-ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைத்தால் தோடு உறுதியாகும், நுழைவு குறையும். பிடுங்கிய செடியை ஈரத்தோடு குவித்து வைப்பது அடுத்த தவறு. காய் மேலே தெரியும்படி கவிழ்த்துப் பரப்பி, குலுக்கினால் பருப்பு கலகலக்கும் வரை, அதாவது ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு இறங்கும் வரை, காயவிட வேண்டும். எல்லாவற்றையும் விட மோசமானது, பருப்பு உடையாமலிருக்க உடைக்கும் மிஷினில் போடுமுன் காயின் மேல் தண்ணீர் தெளிப்பது. காய்ந்த காய்க்கு மறுபடி ஈரம் ஊட்டி மூட்டை கட்டினால் பூசணத்துக்கு வேறென்ன வேண்டும்?

பிறகு, தின்பண்டத்துக்கு ஆகாதென்று பொறுக்கித் தள்ளிய சுருங்கல், சொத்தை, நிறம் மாறிய பருப்பெல்லாம் எண்ணெய் ஆட்டப் போகிறது. இந்த நச்சு எண்ணெயில் அதிகம் கரையாது, பிண்ணாக்கிலேயே தங்கும். எத்தனால் ஆலைகளிலிருந்து இப்போது தீவனத்துக்கு வரும் மக்காச்சோளச் சக்கையிலும் இதே கதைதான். மாவுச்சத்து போய்விடுவதால், தானியத்திலிருந்த நச்சு மூன்று மடங்காகச் செறிந்துவிடுகிறது.

தீவனத்தில் ‘நச்சு உறிஞ்சி’ என்ற பொருளைக் கலந்தால் போதும் என்று விற்பவர்கள் சொல்வதில் பாதிதான் சரி. பென்டோனைட் களிமண் குடலில் நச்சைப் பிடித்துச் சாணத்தோடு தள்ளும். பாலில் இறங்குவது குறையும், நிற்காது. மக்காச்சோளத்தில் வரும் ஃப்யூமோனிசின் என்ற வேறொரு பூசண நச்சிடம் அது அவ்வளவாக எடுபடாது. மூட்டையில் சேர்க்கும் புரோப்பியோனேட் என்ற பூசணத் தடுப்பு உப்பு புதுப் பூசணத்தைத்தான் தடுக்கும், ஏற்கெனவே உருவான நச்சைத் தொடாது. பிண்ணாக்கை இரவில் ஊறவைப்பதாலும் நச்சு கழன்றுவிடாது.

வீட்டில் கலப்பவர்கள் கடலைப் பிண்ணாக்கை ஒரே தூணாக வைக்காமலிருப்பது நல்லது. 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 35, கோதுமைத் தவிடு 39, கடலைப் பிண்ணாக்கு 10, சோயாப் பிண்ணாக்கு 8, எள்ளுப் பிண்ணாக்கு 5, தாது உப்புக் கலவை 2, உப்பு 1 என்று போட்டால் புரதம் 17-18 சதவீதத்தை ஒட்டி நிற்கும். மேலே சொன்ன அதே 200 மைக்ரோகிராம் பிண்ணாக்கு இதில் கலந்து, மாடு 4 கிலோ தின்றால் அதன் வழியே பாலுக்கு வருவது லிட்டருக்கு 0.12 தான். தெரியாமல் வந்து சேரும் சரக்குக்கான காப்பு இது. கெட்டது என்று தெரிந்ததைக் கரைத்துத் தீர்க்கும் வழியல்ல. தேங்காய்ப் பிண்ணாக்கும் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கும் இதே நோய் உள்ளவை, மாற்றாக நம்ப வேண்டாம். வரப்பில் புரதம் நிறைந்த பசுந்தீவனமான வேலிமசால் இருந்தால் பிண்ணாக்குச் செலவே இறங்கும். மக்காச்சோளம் 12 சதவீத ஈரத்துக்கு மேல் இருந்தால் மூட்டை கட்டக் கூடாது. மூட்டையைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்க வேண்டும்.

சோதனையிலும் ஏமாற இடமுண்டு. நச்சு சீராகப் பரவியிருக்காது; ஒரு கைப்பிடி சுத்தமாகவும் அடுத்த மூட்டை விஷமாகவும் இருக்கும். குறைந்தது பத்து மூட்டையில் மேல், நடு, அடி என்று எடுத்துப் பொடித்துக் கலந்து, வட்டமாகப் பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டை மட்டும் வைத்து, அரை கிலோ ஆகும் வரை திரும்பச் செய்து அனுப்ப வேண்டும்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவன ஆய்வுக்கூடம் இருக்கிறது. கோழிப் பண்ணைக்காரர்கள் அதை நன்கு பயன்படுத்துகிறார்கள். கோழிக்கு ஈரல் கெட்டால் முட்டை குறைந்து உடனே தெரிந்துவிடும். மாடு வெளியே காட்டுவதில்லை. அதனால் பால் கூட்டுறவு ஒன்றியங்கள், பல சங்கங்களின் பால் வந்து சேரும் தொகுப்புக் குளிர்விப்பு நிலையத்துப் பாலை மாதம் ஒருமுறை எம்-1 சோதனைக்கு எடுத்து, வரம்பை நெருங்கும் நிலையத்தின் சங்கங்களில் பிண்ணாக்கு எந்த வியாபாரியிடமிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போக வேண்டும். தீவனத்தை மாற்றினால் நான்கைந்து நாளில் பால் சுத்தமாகிவிடும் என்பதால் விவசாயியைத் தண்டிக்கத் தேவையே வராது. கலப்புத் தீவன மூட்டைகளில் புரதம், கொழுப்போடு அந்த உற்பத்தித் தொகுதியில் அளந்த பி-1 அளவையும் அச்சிடச் சொல்ல வேண்டும். மொத்த வியாபாரி விற்கும் பிண்ணாக்கு மூட்டைக்கும் அதே சீட்டு வேண்டும்.

கால்நடைத் தீவனத் தொழில்நுட்பப் பணியாளர்கள்,
நாமக்கல்