பத்தி இறக்கியதில் பட்ட கடன்

கல்லடியில் எங்கள் ஒழுங்கையில் இருப்பவர்களுக்கும், வெளியே இருந்து உதவிக்கு வந்தவர்களுக்கும் வணக்கம்.

வீட்டின் பின்புறம் பழைய சுவரோடு சேர்த்து, சாய்கூரை போட்டு மாமிக்காக இறக்கிய பத்தி அறையில் கடந்த வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினோம். 12 அடிக்கு 10 அடி, ஒரு கதவு, இரண்டு ஜன்னல். வந்தவர்களிடமெல்லாம் "நானே கட்டினேன்" என்று சொல்லித் திரிந்தேன். எதிர்வீட்டு மேசன் அண்ணன் புக்கையைச் சாப்பிட்டபடி சிரித்தார். மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. அந்தச் சிரிப்புத்தான் இந்த மடலை எழுத வைத்தது.

மகளுக்கு வீட்டைச் சீதனமாக எழுதிவிட்டுப் பெற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வது மட்டக்களப்பு வழக்கம். மாமியும் தம் வீட்டை எங்களுக்குத் தந்துவிட்டு, 16 ஆண்டுகளாக விறாந்தையில் பாய் விரித்துப் படுத்தார். அது எனக்கு உறைக்க இத்தனை காலம் ஆனது. அதற்கு யாரிடமும் நன்றி எதிர்பார்க்க முடியாது.

ஆகஸ்ட் விடுமுறையில், ஆவணி பிறந்ததும் நாள்கல் வைத்தோம். ஆள் பிடித்துக் கட்டக் காசில்லை. யூடியூப் பார்த்த துணிச்சல் மட்டும் இருந்தது. நான் கணித ஆசிரியன். பைதகரசின் தேற்றத்தை 20 ஆண்டுகளாகக் கரும்பலகையில் நிறுவி வருபவன். ஆனால் என் அத்திவாரத்தின் மூலை கோணல் என்பதை மேசன் அண்ணன் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தே கண்டுபிடித்தார். உள்ளே வந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து முளை அடித்தார். "குறுக்கே 5 அடி வரவேண்டும், சேர்" என்றார். 5 அடி 3 அங்குலம் வந்தது. வெட்டிய கிடங்கை மூடிவிட்டு மறுபடி வெட்டினேன். மணல் நிலத்தில் தண்ணீர் விட்டு இறுக்கியபின்தான் கல் வைக்கவேண்டும் என்பதையும், புதுச்சுவரைப் பழைய சுவருக்குள் கோத்துவிட்டால் இரண்டும் ஒரே அளவில் இறங்காமல் வெடிப்பு விடும் என்பதையும் அவரிடமே கற்றேன். ஒரு சதம் வாங்கவில்லை.

காத்தான்குடி ஹார்ட்வெயார்க் கடைக் காக்கா (முஸ்லிம் அண்ணனை நாங்கள் அழைப்பது அப்படி) வித்தியாசமான வியாபாரி. ஒரேயடியாக 20 பை சீமெந்து கேட்டேன். நாலு பைக்கு மேல் தரமாட்டேன் என்றார். வாவிக் காற்றில் கட்டிபட்டுவிடுமாம். கடற்கரை மணல் சும்மா கிடக்கிறதே என்று வாய் தவறிச் சொன்னதற்கு, "அள்ளுவது குற்றம், அள்ளினாலும் உப்புக் கம்பியைத் தின்னும், சுவர் பூத்துக் கொட்டும்" என்று ஏசி, ஆற்று மணலுக்கு அவரே டிராக்டர் பிடித்துத் தந்தார்.

அனுமதிக்கான வரைபடத்தைக் கீறித் தந்தவர் என் பழைய மாணவி. கணிதத்தில் அவருக்குச் சாதாரணத் தேர்ச்சிதான். என் அளவுகளில் மூன்று பிழை பிடித்தார்.

கூரை விடயத்தில் நாவற்குடா ஐயாவை மறக்கமுடியாது. 1978 நவம்பர் 23 சூறாவளி இரவில், பத்து வயதில், தகரங்கள் பறப்பதைப் பார்த்தவர் அவர். பத்திக்குள் காற்றுப் புகுந்தால் கூரையைக் கீழிருந்து தூக்கும் என்றார். சுவர்மேல் கொங்கிறீட் பட்டி போடும்போதே கம்பிகளை நீட்டிவிட்டு, கூரையைத் தாங்கும் வளைமரத்தை அவற்றோடு முறுக்கிக் கட்டச் சொன்னார். கட்டி முடித்தபின் ஒவ்வொரு முறுக்கையும் கையால் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தேநீர் குடித்தார்.

கொங்கிறீட்டைக் காப்பாற்றியவர் மாமி. ஏழு நாட்கள் காலையும் மாலையும் நனைத்த சாக்கைப் போர்த்தித் தண்ணீர் ஊற்றினார். நான் இரண்டாம் நாளே மறந்துவிட்டேன்.

இவ்வளவுக்குப் பிறகும் ஐப்பசியின் முதல் மழைக்கே பத்தி பழைய சுவரோடு சேரும் இடத்தில் ஒழுகியது. அது முழுக்க என் வேலை. உயர்தரம் படிக்கும் ஒழுங்கைப் பையன்கள் சுவரில் காடி வெட்டி, தகரப் பட்டியைச் செருகிப் பூசினார்கள். இப்போது ஒழுக்கு இல்லை. கூரைத் தண்ணீர் ஓடும் பீலி மட்டும் சற்றுச் சரிந்து நிற்கிறது. யாரும் அண்ணாந்து பார்க்கவேண்டாம்.

கடைசியாக ஒன்று. என் முற்றத்தில் ஒரு மேசன் கரண்டி, ஒரு தூக்குக்குண்டு, நீட்டு ஏணி ஒன்று, நீல வாளிகள் இரண்டு கிடக்கின்றன. யாரிடம் இரவல் வாங்கினேன் என்பது நினைவில்லை. உரியவர்கள் மாலையில் வாருங்கள், மாமி தேநீர் வைத்திருப்பார். ஏணியை மட்டும் மாரி முடியும்வரை விட்டுவைத்தால் நல்லது.