அம்மணிக்கு

கண்ணு,

இங்கே எல்லோரும் சுகம். சுந்தரி போன வெள்ளிக்கிழமை கிடாரிக் கன்று போட்டது. மஞ்சள் வெட்டி வேகவைத்தாயிற்று, ஈரோட்டில் விலை ஏறட்டும் என்று அப்பா காத்திருக்கிறார். நீ மூன்று வாரமாகப் பேசவில்லை என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. வேலை இருக்கும். வாட்ஸப்பில் என்ன அனுப்பினாலும் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிடுகிறாய், அதனால்தான் காகிதம்.

எறும்பு தேடிப் பர்கூர் மலைக்கு மறுபடி வரப்போவதாக அப்பாவிடம் சொன்னாயாமே. தாமரைக்கரைப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. நாலு மணிக்கு மேல் காட்டில் நிற்காதே. குனிந்து சருகைக் கிளறிக்கொண்டிருந்தால் பின்னால் எது வருகிறது என்று தெரியாது. பேன்ட்டை சாக்ஸுக்குள் விட்டுக்கொள்.

பள்ளிக்கூடத்தில் நீ பேசியது வீண் போகவில்லை. மாமரத்து முசுறு எறும்புக் கூட்டைக் கொளுத்த அப்பா பந்தம் கட்டினார். மேலத்தோட்டத்துப் பையன் ஓடிவந்து மறித்தான். "கொளுத்தாதீங்க பெரீப்பா, அது புழுவை வாயில புடிச்சு, புழு விடற நூல்ல இலையைத் தைக்குதுங்க" என்றான். அப்பா பந்தத்தை மண்ணில் குத்தி அணைத்துவிட்டார். இந்தியாவில் மட்டும் 800 வகைக்கு மேல் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான் அவன். நமக்குத் தெரிந்தது பிள்ளையார் எறும்பு, கட்டெறும்பு, சுள்ளெறும்பு, அவ்வளவுதான். அப்பா விடவில்லை. 2022-ல் திண்டுக்கல் பக்கம் கரந்தமலையில் மஞ்சள் எறும்பு பெருகி ஆடு மாட்டின் கண்ணைக் கெடுத்ததே என்றார். அது கடிக்காது, அமிலத்தைப் பீய்ச்சும், போன இடத்தில் மற்ற எறும்புகளையும் துரத்திவிடும் என்று நீ சொன்னதை நானே ஒப்பித்தேன்.

ஊர்ப் பிள்ளைகளிடம் அத்தனை பொறுமை. பெரிய மாமன் கேட்டால் மட்டும் உனக்கு முகம் சுருங்கிவிடுகிறது. எறும்பு எண்ணறதுக்கு எவன் சம்பளம் கொடுப்பான் என்று அவர் கேட்டது தப்புதான். அதற்காக வந்தவர்கள் முன்னால் எழுந்து போவதா? சரி, விடு. சாக்ஸை மறக்காதே. நாலு மணிக்கு மேல் வேண்டாம்.

பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது நீ எறும்பு ஊறப்போட்ட குப்பிகள் காணாமல் போயினவே, அதை ஆட்கள் யாரும் எடுக்கவில்லை. நான்தான் கொட்டினேன். திறந்தால் சாராய வாடை, வந்தவர்கள் கண்ணில் பட்டால் என்ன நினைப்பார்கள் என்று பயம். இப்படித்தான் எழுத நினைத்தேன், ஆனால் அதுவும் பொய். அவை போய்விட்டால் நீ இதை விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். 43 குப்பி. ஒவ்வொன்றாகத் திறந்து ஜலதாரையில் கவிழ்த்தேன். கடைசியில் ஒன்று கல்லில் ஒட்டிக்கொண்டு நின்றது. நீளத் தாடை, பெரிய கண். குதிக்கிற எறும்பு என்று லென்ஸில் காட்டினாயே, அது. அதையும் தண்ணீர் ஊற்றித் தள்ளினேன்.

வெள்ளையடித்த பையன் கூலியில் அப்பா 200 ரூபாய் பிடித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. நேற்று அவனைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். எதற்கு என்றான். மாட்டுக்குத் தீவனம் வைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

குப்பிக்குள் இருந்த சீட்டுகளை மட்டும் எறியவில்லை. பென்சில் எழுத்து, ஊறியும் அழியவில்லை. காயவைத்துக் கடுகு டப்பாவில் போட்டிருக்கிறேன். எந்த ஊர், எந்த மரத்தடி, என்ன தேதி, எல்லாம் இருக்கிறது. சீட்டு இல்லாத எறும்பு குப்பைக்குச் சமம் என்பாய். எறும்பு இல்லாத சீட்டு உனக்கு ஆகுமா? போனில் வேண்டாம், எழுது.

அம்மா