அப்பாவைப் பார்க்க மட்டும் கெடு இல்லையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

விவாகரத்துக்குப் பின் பிள்ளை யாரிடம் வளர்வது என்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, சட்டம் அப்பாக்கள் பக்கம் என்று முடித்துவிட்டது. ஏட்டில் சரிதான். 1956ஆம் ஆண்டுச் சட்டம் இந்துப் பிள்ளைகளின் இயற்கைக் காப்பாளராக, அதாவது சட்டப்படி பிள்ளைக்குப் பொறுப்பானவராக, அப்பாவைத்தான் முதலில் சொல்கிறது. ஐந்து வயது நிரம்பாத பிள்ளை சாதாரணமாக அம்மாவிடம் இருக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் உண்டு. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதுவரை அப்பா எங்கே நிற்பது?

என் தம்பி தன் மகளைப் பார்க்க மனு போட்டான். வாய்தா மேல் வாய்தா. நீதிபதி மாற்றலானார், வக்கீல்கள் புறக்கணித்தார்கள், அப்புறம் கோடை விடுமுறை. அதற்குள் பிள்ளை யுகேஜி போய்விட்டாள். கடைசியில் கிடைத்தது மாதம் இரண்டு சனிக்கிழமை, நீதிமன்ற வளாகத்திலேயே, இரண்டு மணி நேரம். அங்கே பொம்மை வாங்கிக் கொடுக்கலாம். காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்துத் தரவோ, வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லிக் கேட்கவோ முடியுமா?

பிள்ளையின் பராமரிப்புச் செலவு, படிப்பு பற்றிய இடைக்கால மனுவை, நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் இயன்றவரை முடிக்கச் சொல்கிறது இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவு. (அந்த 60 நாள் படும் பாடு தனிக்கதை.) பிள்ளையைப் பார்க்கும் மனுவுக்கு அந்தப் பிரிவில் கெடுவே கிடையாது. செலவுக்குப் பணம் அவசரம்தான், மறுக்கவில்லை. ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு வருடம் அப்பா முகம் தெரியாமல் போவது அவசரமில்லையா?

2015இலேயே சட்ட ஆணையம் தன் 257ஆவது அறிக்கையில் கூட்டுப் பொறுப்பை, அதாவது இருவரும் சேர்ந்து வளர்ப்பதை, சட்டத்தில் சேர்க்கப் பரிந்துரைத்தது. பிள்ளை தன்னிடம் இல்லாத பெற்றோர் தினமும் ஐந்து, பத்து நிமிடமாவது அதோடு பேச வழி வேண்டும் என்று 2020இல் யஷிதா சாகு வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. கீழ் நீதிமன்றங்களின் எத்தனை உத்தரவுகளில் அது இடம்பெறுகிறது?

அடித்து உதைத்த ஆளுக்கும் இதே உரிமை கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதை நீதிபதி விசாரித்து முடிவு செய்யட்டும், சீக்கிரம் செய்யட்டும்.

உங்கள் நிருபர் ஒருவரைக் குடும்பநல நீதிமன்றங்களுக்கு அனுப்பி, பிள்ளையைப் பார்க்கக் கேட்ட மனுக்கள் எத்தனை மாதமாகக் கிடக்கின்றன என்று விசாரித்து எழுதுங்கள்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்