காமன் மீட்டரையும் கொஞ்சம் பாருங்கள்

ஐயா,

வெயில் ஏறியதும் அவரவர் வீட்டு ஏசியைப் பற்றித்தான் பேசுகிறோம். அபார்ட்மென்ட் மாடிப்படிக்கு அடியில் ஓடும், பொது மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குகளுக்குமான காமன் மீட்டரை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வீட்டு இணைப்புக்குள்ள இலவச யூனிட் அதற்குக் கிடையாது. முதல் யூனிட்டிலிருந்தே காசு. மெயின்டனன்ஸ் தொகைக்குள் போய்விடுவதால் யாருக்கும் உறைப்பதும் இல்லை.

முதலில் தண்ணீர் மோட்டார். 1 ஹெச்பி மோட்டார் மணிக்கு ஏறத்தாழ 1.1 யூனிட் இழுக்கும். தினம் 2 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 132 யூனிட். அதே டேங்க் நிரம்ப 3 மணி நேரம் பிடித்தால் அறுபது யூனிட்டுக்கு மேல் வீண். பெரும்பாலும் கோளாறு சம்ப்புக்குள் (நிலத்தடித் தொட்டி) கிடக்கும் ஃபுட் வால்வில் இருக்கும்; உறிஞ்சு குழாயின் அடி நுனியில், ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுப்பது அதுதான். மணல் சிக்கினாலோ வாஷர் தேய்ந்தாலோ, மோட்டார் நின்றதும் குழாய்த் தண்ணீர் சம்ப்புக்கே இறங்கிவிடும். அடுத்த முறை மோட்டார் காற்றைத்தான் இழுக்கும். பம்ப்பின் தண்டு வழியே தண்ணீர் கசியாமல் அடைக்கும் மெக்கானிக்கல் சீல், தண்ணீர் படாமல் சுற்றிக் கருகும்.

சோதிப்பது எளிது. மெயினை அணைத்து, மேல் டேங்க்குக்குப் போகும் குழாயின் டெலிவரி வால்வை மூடி, பம்ப்பின் மேல் தண்ணீர் ஊற்றும் துளையின் மூடியான பிரைமிங் பிளக்கை மெல்லத் திறந்து விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். கால் மணி நேரத்தில் மட்டம் இறங்கினால் வால்வு கசிகிறது. கழற்றிக் கழுவி, தேவையானால் மாற்றி, சம்ப் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் நிறுத்துங்கள், சேறு ஏறாது. மேல் டேங்க், சம்ப் இரண்டுக்கும், தண்ணீர் மட்டத்தைப் பார்த்து மோட்டாரைத் தானே நிறுத்தும் ஃப்ளோட் ஸ்விட்ச் அவசியம். வீடுகளில் சொட்டிக்கொண்டே இருக்கும் ஃபிளஷ் டேங்க்கும் மோட்டார் கணக்கில்தான் சேரும்.

படிக்கட்டில் பழைய சோக் வைத்த 40 வாட் டியூப்லைட் எட்டு இருந்தால், சோக்கோடு சேர்த்து ஒவ்வொன்றும் 55 வாட் வரை எடுக்கும். இரவு 12 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் சுமார் 316 யூனிட். 20 வாட் எல்இடி போட்டால் 115.

வீட்டுக்குள் ஒன்று மட்டும். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் விலை கூடிவிடும். ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் இருக்கும் வீடுகள் இதில்தான் மாட்டிக்கொள்கின்றன. 75 வாட் ஃபேனுக்குப் பதில் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது வகை மோட்டார் கொண்டது), தினம் 12 மணி நேர ஓட்டத்தில், இரண்டு மாதத்துக்கு 32 யூனிட் மிச்சப்படுத்தும்.

செயலாளர்கள் இன்றே மோட்டார் ஸ்விட்ச் அருகே ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிடட்டும்: போட்ட நேரம், நிறுத்திய நேரம், மீட்டர் ரீடிங். எந்த நாளில் நேரம் நீளத் தொடங்கியது என்று அதிலேயே தெரியும். அன்றே பிளம்பரைக் கூப்பிடலாம்.

– அடுக்குமாடிக் குடியிருப்போர் சிலர்,
மடிப்பாக்கம், சென்னை