நாங்கள் காட்டிய கடல் இடங்களை வரைபடத்திலிருந்து நீக்கக் கோரி நினைவூட்டு மனு

அனுப்புநர்:
நாட்டுப்படகு, நண்டுவலை மீனவர்கள்,
பாக் நீரிணைக் கரையோரக் கிராமம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். குறைதீர் நாளில் கொடுத்த மனுவுக்கும் அதன்பின் கொடுத்த நினைவூட்டலுக்கும் ரசீது மட்டும் கையில் இருக்கிறது. தாங்கள் எங்கள் கரையைப் பார்த்தவர். வாரத்தில் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் தொழில் என்ற ஏற்பாடும் தெரிந்தவர். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

1. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டதை நாங்கள் எதிர்க்கவில்லை. சிக்கிய ஆவுளியாவை, அதாவது கடல்பசுவை, வலையை அறுத்துக் கடலில் விட்டவர்கள் எங்கள் ஆட்கள்தான்.

2. அந்தத் திட்டத்துக்குக் கணக்கெடுக்க வந்தவர்களைப் படகில் ஏற்றிப்போய்த் தாழை (கடற்புல்) எங்கே அடர்த்தி, பார் (கடலடிப் பாறைத் திட்டு) எங்கே, கணவாய் எங்கே முட்டை வைக்கும், சினை நண்டு எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று எல்லாம் காட்டினோம். பக்கத்து ஊருக்குக்கூடச் சொல்லாத இடங்கள் அவை. ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொண்டார்கள்.

3. அந்தப் பாயிண்ட்கள் அப்படியே வரைபடத்தில் அச்சாகி, இன்று கைபேசிக்குக் கைபேசி போகின்றன. முன்பெல்லாம் பாரில் மடி (இழுவலை) கிழியும் என்று பயந்து விசைப்படகுக்காரர்கள் விலகிப்போவார்கள். இப்போது பார் எது மணல் எது என்று வரைபடமே சொல்லிவிடுகிறது. இரவில் வந்து பாருக்கும் பாருக்கும் நடுவே மடியை இழுக்கிறார்கள். சாயங்காலம் போட்ட நண்டுவலையைக் காலையில் தேடினால் மிதவைகூட இல்லை. வலை வாங்கியதே நண்டு வியாபாரியிடம் முன்பணம் வாங்கித்தான். அந்தக் கடன் தீரும்வரை அவர் சொல்லும் விலைதான். வலை போனால் மறுபடி அவரிடமே போய் நிற்க வேண்டும். வலையிலிருந்து நண்டு எடுக்கும் பெண்களுக்கு அன்றைக்குக் கூலி இல்லை. பிடுங்கிய தாழை வேரோடு கரையில் குவிகிறது. கடல்பசு தின்பது அந்தத் தாழையைத்தானே ஐயா! யாரைக் காப்பாற்ற இந்தத் திட்டம்?

4. கேட்டால் "தகவல் பொதுச்சொத்து" என்கிறார்கள். அலுவலகக் கோப்பு ஒன்றைக் கேட்டால் மட்டும் அது ரகசியம்! 2002 பல்லுயிர்ச் சட்டத்தின் 36(5) பிரிவு, உள்ளூர் மக்களின் அறிவை மதித்துக் காக்க மத்திய அரசு முயல வேண்டும் என்கிறது. உள்ளாட்சிதோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழு வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். எங்கள் ஊராட்சியில் அதில் யார் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

5. வரைபடத்திலிருந்து பாயிண்ட்களை எடுங்கள்.

6. அந்த இடங்களின் விவரப் பதிவேடு ஊர்க் குழுவிடம் இருக்கட்டும், தேவைப்படுபவர் கேட்டு வாங்கட்டும். அடுத்த திட்டக் கூட்டத்தை நாங்கள் தொழிலுக்குப் போகாத நாளில், ஊரிலேயே, தமிழில் நடத்துங்கள். போன கூட்டம் முடிந்த பிறகுதான் அது நடந்ததே எங்களுக்குத் தெரியும்.

தயவுசெய்து முதலில் அந்தப் பாயிண்ட்களை எடுக்க உத்தரவிடுங்கள் ஐயா. மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். இந்த முறையாவது பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
நாட்டுப்படகு மீனவர்கள்
(கையொப்பங்களும் கைரேகைகளும் இணைப்பில்)